இல்லாத தம்பி

நோட்டீஸிலை "இல்லாத தம்பி" எண்டு போட்டிருந்தது என்னைத்தான். மூண்டு நேரமும் சாப்பிட்டு, மனுகாவிலை ஒரு கோழி பக்டரியிலை நாள் முழுக்க நிண்டு முறிஞ்சுகொண்டிருந்த என்னை, இல்லையெண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுத்திருந்தாங்கள்.

தொண்ணூறுகளின்ரை நடுவிலை, ஒக்லாந்திலை எங்கடை சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். சங்கம் எண்டால் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ளை அடங்கிற சனம்தான், ஆனால் கட்சி ரெண்டு. அண்ணா ஒரு கட்சியின்ரை வேட்பாளர். மற்றக் கட்சிக்கு அவரிலை குறை சொல்ல ஒண்டும் அகப்படேல்லை. இஞ்சினியர், குடியில்லை, ஆரோடையும் சண்டை கொழுவினதில்லை. அப்பதான் இந்த நோட்டீஸ் வந்தது. "வேட்பாளரின் ஒழுக்கம் எப்படிப்பட்டது?" எண்டு தலைப்பு. கீழை, "அரசாங்கத்துக்குப் பொய்க் கடிதம் எழுதி, இல்லாத தம்பியை உண்டாக்கியவர் நமக்குத் தலைவரா?" நியூ லின் பலசரக்குக் கடையிலை மிளகாய்த்தூள் பைக்கட்டுக்குப் பக்கத்திலை அடுக்கி வைச்சிருந்தது. கண்டறியாத ஒழுக்கம்!

உண்மையைச் சொல்லுறன். நான் அண்ணாவின்ரை சித்தியின்ரை மகன். அம்மா செத்தாப்பிறகு பெரியம்மாதான் என்னை வளத்தவ. ஒரு கோப்பையிலை சாப்பிட்டு ஒரு பாயிலை படுத்த எங்களுக்கு அண்ணா, தம்பி எண்டதை விட்டால் வேறை சொல் தெரியாது. ஒண்டுவிட்ட தம்பி எண்டு தமிழிலை ஒரு சொல் கிடக்குத்தான், ஆர் அப்பிடிக் கூப்பிடுறது? நான் ரெசிடென்ஸுக்கு மனுப்போடேக்கை அண்ணா ஆதரவுக் கடிதம் எழுதினவர். தம்பியை இங்கிலிஷிலை என்னெண்டு எழுதுறது? பிரதர் எண்டுதான் எழுதினவர். கள்ளமா யோசிச்சு எழுதேல்லை, வாயிலை வாறது கையிலை வந்தது. கஸின் எண்டொரு சொல் இருக்கு, இமிக்ரேஷன் கந்தோர்க்காரருக்கு அது வேறை இது வேறை எண்டு எங்களுக்கு உறைச்சது கடிதம் போனாப்பிறகுதான்.

மனு அப்ப முடிவாகேல்லை. கடிதம் பொய்யெண்டு ஆராவது கந்தோரிலை போட்டுக்குடுத்தால் நான் கொழும்புக்குப் பிளேன் ஏறவேண்டியதுதான். இறங்கின கையோடை பிடிச்சுக்கொண்டுபோய் என்ன செய்வாங்களெண்டு அந்த நோட்டீஸை எழுதினவனுக்கும் தெரியும். அவனும் அதுக்குப் பயந்து ஓடிவந்தவன்தானே!

கதை எப்பிடி வெளியிலை போனதெண்டு கேட்டால் வயிறு பத்தி எரியும். தம்பிக்கெண்டு அண்ணா கடிதம் குடுத்தது சங்கத்திலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலை உறவுமுறைப் பாடம் நடந்திருக்கு. ரீச்சர் மற்றக் கட்சி. வீட்டிலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு கேக்க, அண்ணாவின்ரை மகள், எட்டு வயசுப் பிள்ளை, "சித்தப்பா" எண்டிருக்கிறாள். "அப்பாவோடை கூடப் பிறந்தவரோ?" எண்டு ரீச்சர் கிளறியிருக்கிறா. "நோ ரீச்சர், ஹி இஸ் டாட்ஸ் கஸின்" எண்டு பிள்ளை பளிச்செண்டு சொல்லிப்போட்டுது. இஞ்சை பிறந்த பிள்ளைக்கு அந்தச் சொல் வடிவாத் தெரியும். சரியான மறுமொழி எண்டு ரீச்சர் அவளின்ரை கொப்பியிலை ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டிருக்கிறா. பச்சைப் பிள்ளையின்ரை வாயைக் கிண்டி எடுத்துப்போட்டு எங்களுக்கு ஒழுக்கம் படிப்பிக்க வந்திட்டினம், வெக்கங்கெட்டவை!

நோட்டீஸை அண்ணாவிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். வாசிச்சுப்போட்டு மடிச்சுச் சட்டைப் பையிலை வைச்சார்.

"உன்ரை விசா வரட்டும். அதுமட்டும் நீ ஒருத்தரோடையும் கொழுவப்படாது, விளங்குதோ?" எண்டார்.

பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியிலை மழை. மண்டபத்துக்குள்ளை ஈரக் கோட்டு மணமும் பொரிச்ச ரோல்ஸ் மணமும். மற்றக் கட்சியின்ரை செயலாளர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"நாங்கள் ஆரையும் தனிப்படத் தாக்கேல்லை. ஒரேயொரு கேள்வி. நீங்கள் கடிதம் குடுத்த ஆள் உங்கடை பிரதரோ, இல்லையோ? மறுமொழியைக் கூட்டக் குறிப்பிலை எழுதவேணும்."

கூட்டக் குறிப்பு இங்கிலிஷிலைதான் எழுதுறது. எழுதினால் ஆர் ஆற்றை கையுக்கெல்லாம் போகுமோ தெரியாது. ஓம் எண்டால் அண்ணா சபையிலை பொய் சொன்னவர். இல்லையெண்டால் என்ரை கதை முடிஞ்சுது. அண்ணா எழும்ப முந்திச் செயலாளர் என்ரை பக்கம் திரும்பினார்.

"சரி, நீர் சொல்லும் ஐசே. இவர் உமக்கு ஆர்?"

"அண்ணா."

"சொந்த அண்ணாவோ?"

"பின்னை என்ன, வாடகைக்கு எடுத்த அண்ணாவோ?"

பின்னுக்குச் சிலபேர் சிரிச்சினம். செயலாளருக்கு முகம் சிவந்துபோச்சு.

"பகிடி விடாதையும். ரெண்டு பேரும் ஒரு வயித்திலை பிறந்தனீங்களோ?"

மறுமொழி என்ரை நாக்கு நுனியிலை நிண்டது. ஏனெண்டால் இந்தச் செயலாளரும் போன வருசம் ஒரு தம்பியைக் கூப்பிட்டு எடுத்தவர். அந்தத் தம்பி என்னோடை ஒரே பெல்ட்டிலை நிண்டு கோழி பொதி செய்யிறவன். ஒருநாள் தேத்தண்ணி குடிக்கேக்கை அவனே சொன்னவன், "நானும் அவருக்குச் சித்தியின்ரை மகன்தான். கடிதத்திலை பிரதர்." எங்கடை ரெண்டு பேரின்ரை கடிதமும் ஒரே அச்சு. "உம்மடை தம்பி ஆற்றை வயித்திலை பிறந்தவர்?" எண்டு நான் கேட்டிருந்தால் போதும், மனுசன் அந்த இடத்திலையே அவிஞ்சு போயிருப்பார்.

கேக்கத்தான் வாயைத் திறந்தன். மூண்டு வரிசைக்கு முன்னாலை இருந்த அந்தத் தம்பி திரும்பி என்னைப் பாத்தான். முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. வேண்டாம் எண்டு மெல்லமாத் தலையை ஆட்டினான். அவன்ரை மனுவும் இன்னும் முடிவாகேல்லை.

வாயை மூடினன். ஐயோ, அப்பிடி ஒரு ஆத்திரத்தை நான் அதுக்கு முன்னமும் விழுங்கினதில்லை, பிறகும் விழுங்கினதில்லை.

அண்ணாவுக்கும் அந்தப் பொடியன்ரை கதை தெரியும். அவர் எழும்பினார்.

"நான் போட்டியிலையிருந்து விலகிறன். கேள்வியையும் எழுதவேண்டாம், மறுமொழியையும் எழுதவேண்டாம்" எண்டு சொல்லிப்போட்டு இருந்திட்டார்.

கை தட்டினாங்கள். கை தட்டினாங்கள் பாருங்கோ! தட்டின கையளிலை எத்தினை கை இதே மாதிரிக் கடிதம் எழுதின கை எண்டு எனக்குத் தெரியும், அவையளுக்கும் தெரியும். போட்டியில்லாமல் வந்த புதுத் தலைவர் நேர்மையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சார்.

பிறகு தேத்தண்ணி. நான் ஒண்டும் தொடாமல் வாசலடியிலை நிண்டன். செயலாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேக்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"தம்பி! மழை கூடுது, காரைக் கொண்டந்து வாசலிலை விடும்."

"ஓம் அண்ணா" எண்டு சொல்லிப்போட்டு, அவன் என்ரை முகத்தைப் பாக்காமல் என்னைக் கடந்து மழைக்குள்ளை ஓடினான்.