சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன லோகா அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது நாவலப்பிட்டியிலிருந்து அழைப்பு வந்தது. லோகா அக்காவின் மகள் பேசினார். "முதலாளி, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." பாதி திறந்த கதவை மறுபடி பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

திருமதி லோகேஸ்வரி, கண்டி நகரில் உள்ள என் மின்சாமான் கடையில் பதினேழு வருடங்கள் வேலை செய்தவர். வயர் வெட்டிக் கொடுக்கும் மேசை அவருடையது. அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வயர் என்று வந்து நின்ற யாருக்கும் அவர் உடனே வயர் கொடுத்ததில்லை. "என்னா மாட்டப் போறீங்க? போர்டுலருந்து எம்புட்டு தூரம்? வயர் எதுக்குள்ளாற போகுது?" என்று கேட்பார். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கட்டரைக் கையில் எடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த மாதமே எங்களுக்குள் சண்டை. ஹேவாஹெட்டயிலிருந்து வந்த ஒருவர் மின்சார அடுப்புக்கு, பல்புக்குப் போடுகிற ஒரு மில்லிமீட்டர் வயரைக் கேட்டார். அக்கா மறுத்தார். மனிதர் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டினார். எனக்கு வந்ததே கோபம்! "கடைய நடத்துறது நானா, நீங்களா?" என்று கத்தினேன்.

"நீங்கதான் முதலாளி. ஆனா அடுப்பு இழுக்கிற கரண்டை அந்த வயர் தாங்காது. உள்ளுக்குள்ளயே சூடேறி உருகும். என் கையால வெட்டிக் குடுக்கமாட்டேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பிரேக்கர் அடிக்கடி விழுந்து கரண்ட் போகிறது, பெரிதாக ஒன்று கொடுங்கள் என்று வருபவர்கள்தான் அவரிடம் வசமாக மாட்டுவார்கள். "வயரைக் காப்பாத்தத்தாங்க அது விழுது. பெரிசாப் போட்டா வயரு எரிஞ்சாலும் விழாது. வீட்டுக்குப் போயி சுவரைத் தொட்டுப் பாருங்க. சுட்டுச்சுன்னா வயரை மாத்துங்க" என்று அனுப்பிவிடுவார். வயரிங் வேலை செய்கிறவர்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் பாஸ்மார், அவருக்கு 'இன்ஸ்பெக்டர் அம்மா' என்று பெயர் வைத்தார்கள். அக்கா அதற்கும் சிரிப்பார்.

இனிச் சொல்லப்போவது என் வெட்கக்கேடு. நான்கு வருடங்களுக்கு முன் என் மூத்த மகள் குழந்தை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். மார்கழிக் குளிர். அவளுக்கென்று குளியலறையில் ஹீட்டர் ஒன்று பூட்டினேன். வயர்க்கடைக்காரன் வீட்டு வயர் எப்படி இருக்கும்? ரோலில் விற்காமல் மிஞ்சிய மெல்லிய துண்டுகளை ஒட்டுப்போட்டு, கூரைக்குள்ளாலும் சுவருக்குள்ளாலும் இழுத்து முடித்தேன். போட்ட அன்றே பிரேக்கர் விழுந்தது. மறுநாள் கடையிலிருந்து முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் ஒன்றை எடுத்துப்போய் மாட்டினேன். தெரிந்தே செய்தேன்.

அக்காவின் கண்ணுக்கு எது தப்பும்? "முப்பத்திரண்டு ஒண்ணு கொறையுதே, யாருக்குக் குடுத்தீங்க?"

"ஒரு ஆள் வந்தார். ஹீட்டருக்காம்."

"என்னா வயர் போட்டிருக்காராம்?"

"பல்பு வயர்தானாம்."

"கேட்டுட்டுமா குடுத்தீங்க? எந்த ஊரு ஆளு?"

என் வாய் சும்மா இருக்குமா? அலவத்துகொட என்று சொந்த ஊரையே சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இதே பேச்சு. "அந்த ஆளைப் பாத்தீங்களா முதலாளி? பச்சப்புள்ள இருக்கிற வீடா இருந்தா என்னா செய்வீங்க?" ஐந்து நாள் தாக்குப்பிடித்தேன். புதுப் பிரேக்கர் ஒரு தடவைகூட விழவில்லை. பார்த்தாயா என் கெட்டித்தனத்தை என்றுகூட நினைத்தேன். ஆனாலும் மனம் குடைந்தது. ஆறாம் நாள் பாஸ் ஒருவரை அழைத்துப்போய், போர்டிலிருந்து குளியலறை வரை ஆறு மில்லிமீட்டர் வயரை ஒட்டில்லாமல் புதிதாக இழுத்தேன். பழையதைக் கழற்றிப் பார்த்தபோது, ஒட்டுப்போட்ட இடம் கருகியிருந்தது. அல்லாஹ்வே!

மறுநாள், "அந்த ஆள் வயரை மாத்திட்டாராம்" என்றேன். "அப்பாடா" என்று கதிரையில் உட்கார்ந்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாவலப்பிட்டியில் தகனம் முடிந்து திரும்பும்போது அக்காவின் மகள் என்னருகில் வந்தார். "ஒங்க வீட்டு வயரை மாத்துற வரைக்கும் அம்மா தூங்கவே இல்ல முதலாளி. தினம் ஒங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணிக்கிட்டே இருந்தாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"ஓ, அக்கா போட வேணாம்டு சொன்னதால அந்த அஞ்சு நாளும் ஹீட்டர நாங்க தொடவே இல்ல" என்றாள். "மகளுக்கு அடுப்புலதான் தண்ணி சுட வெச்சேன். நீங்க எந்தநாளும் பச்சத் தண்ணில குளிக்கிற ஆள், உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அக்கா தினம் ஃபோன் எடுத்து, அப்பிடியும் சுவர் சுடுதான்டு தொட்டுப் பாக்கச் சொல்லுவாங்க. உங்களுக்கிட்ட சொல்லப்படாதுன்டு சத்தியமும் வாங்கினாங்க. நீங்க வெக்கப்பட்டுப் போவீங்களாம்."

முதல் நாள் சூட்டிலேயே கருகிய அந்த ஒட்டு ஏன் தீப்பிடிக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

லோகா அக்கா, அலவத்துகொட ஆள் நான்தான். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். நான்கு வருடம் ஒரே கடையில் நின்றும் சொல்லவில்லை. என் பேத்தி இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போய் வாருங்கள்.