பொம்மை மீனும் என் அண்ணனும்

என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் மீனைக் காட்டி நிஜ மீனை ஏமாற்றுகிறவர். இதைச் சொன்னால் நெட்டுக்குப்பத்தில் என் பிறந்த வீட்டார் இன்றைக்கும் சிரிப்பார்கள். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். வலை, ஐஸ், டீசல், ஏலம் என்று வளர்ந்தவளுக்கு, மூன்றாம் மாடி பால்கனியில் துணிக்கொடியில் வரிசையாகத் தொங்கும் பொம்மை மீன்களைப் பார்த்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? தலை சிவப்பாக ஒன்று, முதுகு பச்சையாக ஒன்று. சாயம் உதிர்ந்தால் மகளின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசுவார். பகலெல்லாம் ரயில்வே பணிமனையில் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன், ராத்திரி சாப்பிட்ட பிறகு பொம்மைக்குக் கண் வரைந்துகொண்டிருப்பார். நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைப்பேன்.

வாரத்தில் ஒரு ராத்திரி, தண்ணீர் ஏறுகிற நேரம் பார்த்து, வியாசர்பாடியிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கிளம்பிவிடுவார். ஆறு கடலில் சேருகிற இடத்தில் கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கும். அதன் மேல் நின்று தூண்டில் ராடை வீசுவார், நூலைச் சுற்றுவார், மறுபடி வீசுவார். பொம்மை நிஜ மீன் மாதிரி நெளிந்துகொண்டு வரும். கொடுவா ஏமாந்து கவ்வும். மாட்டியதைப் போனில் படம் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார். அதற்கும் காரணம் நான்தான். ஆற்றில் எண்ணெய் கலந்த சமயம் அவர் கொண்டுவந்த கொடுவாவைக் குழம்பு வைத்தேன். வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாடை. இனி அந்த ஆற்று மீன் என் அடுப்பில் ஏறாது என்று சொல்லிவிட்டேன். விடுவதற்காக எதற்கு அவ்வளவு தூரம் போய்ப் பிடிக்கவேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்.

நான் அவரோடு போனது ஒரே ஒரு ராத்திரி. அதுவும் மீனுக்காக இல்லை, என் அண்ணனுக்காக.

எங்களுடையது காதல் கல்யாணம். அவர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்தவர். கூடத்தில் புத்தர் படம் மாட்டியிருக்கும் வீடு. நாங்கள் கடல்சனம். எங்கள் குப்பத்தில் எதிர்க்க அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவை இருக்கவில்லை. மகள் பிறந்த பிறகு அப்பாவும் அம்மாவும் மெல்ல இறங்கி வந்தார்கள். அண்ணன் வரவில்லை. என்னோடு பேசுவான். என் மகள் என்றால் அவனுக்கு உயிர். குப்பத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால் வளையல் கடைக்கு இழுத்துப்போய் முழங்கை வரை மாட்டிவிடுவான். ஆனால் என் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள் பெரியவளானபோது தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் என் சித்தி மகன் வந்து நின்றான். நான் சிரித்துக்கொண்டே பந்தி பரிமாறினேன்.

இப்போது மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இந்தத் தடவை எந்தச் சித்தி மகனும் வேண்டாம், என் பெண் அவள் தாய்மாமன் முன்னால்தான் தாலி கட்டிக்கொள்ளவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்துபோய் அழைப்பதுதான் முறை. ஒரு சாயந்தரம் அப்படியே போனோம். அண்ணி காபி கொடுத்தாள், அவர் கடலுக்குப் போயிருக்கிறார் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் உள் அறையில் அண்ணனின் போன் அடித்தது. யாரோ அவசரமாக அமர்த்தினார்கள். அண்ணி தரையைப் பார்த்தாள், பாவம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணன் ஒளிந்துகொள்ள முடியாத இடம் ஒன்று உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தன் படகடிக்கு வந்து, விடியற்காலை கடலுக்குப் போக வலையைச் சரிபார்ப்பான். என்ன நடந்தாலும் படகை விட்டு நகரமாட்டான். அந்தப் படகுக்கும் என் வீட்டுக்காரர் நிற்கும் கல்லுக்கும் கூப்பிடு தூரம். வாரம் தவறாமல் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டு, வாய் திறக்காமல் இருவரும் ஒரே கரையில் இருந்திருக்கிறார்கள். ‘ஒங்க அண்ணன் இன்னிக்கும் இருந்தாரு’ என்று வந்து சொல்வார், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கரை முழுக்கக் கல் கொட்டிக் கிடக்க, இந்த மனுஷன் அந்த ஒரு கல்லிலேயே போய் நின்றது மீனுக்காக மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகம். கேட்டால், கொடுவா அங்கேதான் மேயும் என்பார்.

நானும் வருகிறேன் என்றதும் அவருக்கு முகமெல்லாம் பல். எதற்காக என்று நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று தடுத்திருப்பார். மனைவிக்கு ஒருவழியாகத் தூண்டில் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நம்பி, எனக்காக மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, கொசுவுக்குக் களிம்பு எல்லாம் எடுத்துக்கொண்டார். கண்டெய்னர் லாரிகள் நெடுக வரிசைகட்டி நிற்க, அந்த இடுக்கில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே எந்தப் பொம்மை எந்தத் தண்ணீருக்கு என்று பாடம் எடுத்தார். காற்றில் பாதி கேட்கவில்லை. பின்னால் உட்கார்ந்து நன்றாகத் தலையாட்டிக்கொண்டு வந்தேன். நான் எதற்கு வருகிறேன் என்று அவருக்குத் தெரியாதே என்ற உறுத்தல் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது.

முகத்துவாரத்தில் நல்ல காற்று. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்கு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் படகடியில்தான் இருந்தான். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சம் எங்கள் பக்கம் ஒரு தடவை திரும்பியது, என் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு வலைக்கே போய்விட்டது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கெஞ்சுவதா, சண்டை போடுவதா? எனக்குச் சண்டைதான் நன்றாக வரும். ஆனால் சண்டை போட்டு ஒருவனைக் கல்யாணத்துக்கு அழைக்கமுடியாது. எழுந்திருப்பேன், மறுபடி உட்காருவேன். என் வீட்டுக்காரர் நான் சலித்துப்போய்விட்டேன் என்று நினைத்து, இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ராடு வளைந்தது.

நூல் சுற்றியிருக்கும் அந்த ரீலில் ஒரு திருகு இருக்கிறது. பெரிய மீன் இழுத்தால் நூல் அறுந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொடுக்கும்படி அதைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். மீன் ஓடிக் களைத்த பிறகுதான் சுற்றி இழுப்பது. நூல் ஓடும்போது கிர்ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவர்கள் ராத்திரித் தூக்கத்தையே விடுகிறார்கள். ஆனால் கைத்தூண்டில் போட்டுப் பழகிய கடல்காரனுக்கு, நூல் ஓடுகிறது என்றால் மீன் போகிறது. கையால் பிடிக்கவேண்டும், கையாலேயே இழுக்கவேண்டும். நூலை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறவனை அவர்கள் ஆளாகவே மதிக்கமாட்டார்கள்.

சத்தம் கேட்டு அண்ணன் தலை நிமிர்ந்தது. சத்தம் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் ராடைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறார், நூல் பாட்டுக்கு ஓடுகிறது. அண்ணனால் எவ்வளவு நேரம்தான் பொறுக்கமுடியும்? வலையைப் போட்டுவிட்டுக் கல் மேல் தாவித் தாவி ஓடிவந்தான். வந்த வேகத்தில் ராடுக்கு முன்னால் கையை நீட்டி, ஓடுகிற நூலை அப்படியே இறுக்கிப் பிடித்தான்.

அது அவனுடைய கைத்தூண்டில் கயிறு இல்லை. தலைமயிர் கனத்தில், கத்தி மாதிரி இருக்கும் பின்னல் நூல்.

“வுடு மச்சான். கைய அறுத்துடும், வுடு.”

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவர் என் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். உறவு சொல்லிக் கூப்பிடலாமா என்று யோசிக்க நேரமிருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டார். அண்ணன் நூலை விட்டான். உள்ளங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது. அதைப் பார்க்காமல் அவன் தண்ணீரையே பார்த்தான். ஓடினால் ஓடட்டும், களைத்துத் தானாக வரும் என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். அண்ணன் நம்பவில்லை என்பது அவன் தோளிலேயே தெரிந்தது. ஆனாலும் பக்கத்திலேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வளை, அந்தக் கல்லுக்கு விடாதே என்று அதட்டவும் ஆரம்பித்துவிட்டான். அவரும் அவன் சொன்ன பக்கமெல்லாம் வளைத்தார்.

மீன் கல்லோரம் வந்ததும் அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கொக்கியில் கை படாமல் தாடையைப் பிடித்துத் தூக்கினான். நல்ல கொடுவா, என் கை நீளம் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் கண் சிவப்பாக மின்னியது. அண்ணன் அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். இவர் படம் பிடித்தார். பிறகு, எப்போதும் செய்கிற மாதிரி, குனிந்து மீனைத் தண்ணீரில் வைத்து முன்னும் பின்னும் மெல்ல ஆட்டினார். நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் விட்டுவிட்டார்.

எங்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. யார் படகாக இருந்தாலும், யார் வலையாக இருந்தாலும், மீன் கரையேற எவன் கை கொடுத்தானோ அவனுக்கு அதில் பங்கு. வாய் விட்டுக் கேட்கமாட்டான். கேட்கும்படி வைப்பதே அவமானம். பங்கு வைக்காமல் மீனை நகர்த்தினால், நீ எங்களில் சேர்த்தி இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இத்தனை வருஷமாக அண்ணன் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். இப்போது ரயில்வேக்காரர் ஒன்றும் தெரியாமல் அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லிவிட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“யோவ்,” என்றேன், “அதுல அண்ணன் பங்கு கீதுய்யா.”

அவர் ஈரக் கையோடு திரும்பினார். பங்கு என்ற வார்த்தை உள்ளே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது. சேர்ந்ததும் முகம் வாடிப்போய்விட்டது. ஆற்று மீன் வாடை அடிக்கும் என்றும், உங்கள் தங்கச்சி வீட்டில் சேர்க்கமாட்டாள் என்றும், பழக்க தோஷத்தில் விட்டுவிட்டேன் என்றும் உளறினார். பழியை என் மேல் போட்டதைக்கூட நான் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் மீன் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் விட்டுக் கழுவி, என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினேன். சின்ன வயதுக்குப் பிறகு அந்தக் கையை நான் தொட்டதில்லை. கெட்டித்துப்போய் மரம் மாதிரி இருந்தது.

கட்டி முடித்ததும் அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினான்.

“என் பங்க வுட்டுட்ட. நாயித்துக்கெயம வூட்டுக்கு வர்றேன், அத்த கொயம்பு வெச்சி போடு.”

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அந்த நேரத்திலும் நியாயவான். “மீனு மாட்டலன்னா மச்சான்?” என்று கவலையோடு கேட்டார்.

“மாட்டலன்னா ரசம் ஊத்து மாப்ளே.”

இவர் அவசர அவசரமாக பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி நீட்டினார். அண்ணன் வாங்கிக் குடித்தான். நின்றபடியே, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரைக்கும். நான் உற்றுப் பார்த்தால் வைத்துவிடுவானோ என்று பயந்து நாற்காலியை மடக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். நாற்காலி மடங்க மறுத்தது.

கல்யாணத்தைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படி இருட்டில், சேற்றுக்காலோடு அழைப்பது முறையா என்று ஒரு பக்கம் யோசனை. இந்த நேரத்தை விட்டால் கிடைக்குமா என்று இன்னொரு பக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் டம்ளரைக் கல் மேல் வைத்துவிட்டுப் படகைப் பார்க்க நடந்தான். பாதி தூரம் போனவன் நின்று, திரும்பாமலே கேட்டான்.

“கொயந்தைக்கு இன்னா கலர் பொடவ புடிக்கும்?”

அந்தப் பெண்ணின் பிடித்தது பிடிக்காதது எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார், மயில் கழுத்து நிறம் என்று.

“பார்டரு சின்னதா, பெருசா?”

பெரிசு என்று நான் சொன்னேன். அழுகையில் குரல் உடைந்துதான் வந்தது. அவனுக்குக் கேட்டிருக்காதோ என்று, இன்னும் ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன்.