செத்த பிறகு பாடிய மந்திரி

போன வாரம் எங்கள் வீட்டுச் சாமிப் படத்தின் மரச்சட்டம் ஒரு மூலையில் கழன்றுவிட்டது. ஒட்டித் தரும்படி சொல்லிச் சொல்லி அலுத்துப்போன என் மனைவி, கடைசியில் ஒரு கம் போத்தலை வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திருகியதும் குப்பென்று ஒரு வாடை. மண்ணெண்ணெயும் மாம்பழமும் சண்டை பிடித்துக்கொண்டது போல. எனக்கு உடனே மகேந்திரனின் தாடி நினைவுக்கு வந்தது. சட்டம் இன்னும் கழன்றபடிதான் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் எனக்கு வேலை. வாடிக்கையாளர் கீழே நிற்பார், சாமான் மேல்மாடியில் இருக்கும். அவர் கேட்பதை மேலே கேட்கும்படி கத்துவதுதான் என் உத்தியோகம். "ரெண்டு இஞ்ச் ஆணி, ஒரு கிலோ" என்று நான் குரல் கொடுத்தால் வாவிக்கரையில் நிற்கும் கொக்கு எழும்பிப் பறக்கும் என்று முதலாளி பெருமைப்படுவார். தொண்டையை இப்படி அள்ளிக் கொடுத்த கடவுள் காதில் கையை இறுக்கிக்கொண்டார். தாலாட்டுக்கும் தேசிய கீதத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரிவது, இரண்டாவதற்கு எல்லாரும் எழுந்து நிற்பதால்தான்.

இப்படிப்பட்டவன் ஒரு சனி ஞாயிறு முழுவதும் இசை நாடகத்தில் போய் உட்கார்ந்தேன் என்றால், அதற்கு மகேந்திரன்தான் காரணம். கலஹாப் பக்கத்துப் பையன், தபால் கந்தோரில் வேலை. நானும் அவனும், மாமாவின் புடவைக்கடையில் நின்ற அக்குறணை ரிஸ்வானும் ஒரே ஹோட்டலில்தான் பகல் சோறு சாப்பிடுவோம். மகேந்திரன் நன்றாகப் பாடுவான் என்று ரிஸ்வான் சொல்வான். நான் நம்பிக்கொள்வேன்.

கண்டியில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர் அந்த நாடகத்தைப் போட்டார். பேச்சுக் கொஞ்சம், மற்றதெல்லாம் பாட்டு. சனிக்கிழமை பின்னேரம் ஒரு தடவை, ஞாயிறு காலையிலும் பின்னேரமுமாக இரண்டு தடவை. ராஜாவுக்கு மூன்று மந்திரிகள். மூன்றாவது மந்திரி மகேந்திரன். ராஜாவுக்கு வைத்த நஞ்சைத் தான் வாங்கிக் குடித்து, ஒரு பாட்டுப் பாடி, சாக வேண்டும்.

அந்தப் பாட்டில் ஒரு கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது. பேராதனையில் தாதியாக இருந்த விமலாவும் இவனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். விமலாவின் அப்பா புசல்லாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் தோட்டத்து நாடகங்களில் ராணி வேஷம் கட்டியவர். அந்த நாடகங்களில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடித்துவிட்டால் சனம் 'ஒன்ஸ்மோர்' கேட்கும். கேட்டால் பாடியவர் திரும்பப் பாடியே ஆகவேண்டும். யுத்தமே நடந்துகொண்டிருந்தாலும் சரி, எதிரிப் படை ஓரமாக நின்று வெற்றிலை போட்டுக்கொள்ளும்.

மகள் விஷயத்தைச் சொன்னதும் கணக்கப்பிள்ளை ஐயா கேட்டது சாதியையோ சம்பளத்தையோ அல்ல.

"பாடுறான்னு சொல்ற. ஒன்ஸ்மோர் வாங்கியிருக்கானா?"

"இன்னும் இல்லப்பா. இதுதான் மொத நாடகம்."

"அப்ப ஞாயித்துக்கிழமை பின்னேரம் வந்து பாக்குறேன். ஒரு ஒன்ஸ்மோர்கூடத் தேறலைன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுறணும். சரியா?"

விமலா சரி என்று சொல்லிவிட்டாள். மகேந்திரன் இதை எங்களிடம் சொன்னபோது அவன் கை சோற்றிலேயே நின்றது.

"பயப்பட வாணாம் மச்சான்" என்றான் ரிஸ்வான், என்னைக் காட்டி. "ஒன்ஸ்மோர் தானே? இவன்ட தொண்டை என்னத்துக்கு ஈக்கிது?"

மூன்று காட்சிக்கும் போவது, முதல் இரண்டில் ஒத்திகை பார்ப்பது, மூன்றாவதில் கல்யாணத்தை முடித்துவைப்பது என்று திட்டம் போட்டோம். போதாததற்கு, தாடி ஒட்டும் பசை தீர்ந்துபோனதாகக் கேள்விப்பட்டு எங்கள் கடையிலிருந்து ஒரு கம் போத்தலையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது கதிரை, மேசைக் கால் ஒட்டுகிற சாமான். மந்திரியின் தாடை கதிரைக் காலைவிட மென்மையானது என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை மழை. மண்டபம் முழுக்க ஈரக் குடை வாடை. மூன்று மந்திரிகளும் ஒரே அங்கி, ஒரே தலைப்பாகை, ஒரே அளவு தாடியோடு வரிசையாக வந்து நின்றார்கள். ஒருவர் முன்னால் வந்து ராஜாவுக்குப் புத்தி சொல்லி ஒரு பாட்டை இழுத்தார். முடிந்ததும் நான் எழுந்து, மேல்மாடிக்குக் கேட்கிற குரலில், "ஒன்ஸ்மோர்" என்றேன். மந்திரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். திரும்பப் பாடினார். இன்னொரு தரம் கேட்டேன். அதையும் பாடினார். பாதியில் ரிஸ்வான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"டேய், அது மகேன் இல்லடா. மகேன் அந்தா, அந்தக் கரையில நிண்டு பல்லக் கடிக்கிறான்."

நேரம் போய்விட்டதென்று மாஸ்டர் மகேந்திரனின் பாட்டில் பாதியை வெட்டிவிட்டார். நஞ்சு குடித்தவன் அவசர அவசரமாகச் செத்துப்போனான்.

"எங் கொரலு ஒனக்குத் தெரியாதா?" என்று வெளியே வந்து கேட்டான் மகேந்திரன்.

"பேசினாத் தெரியும் மச்சான். பாடினா எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருக்கீங்க."

அவன் என்னை அடிக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், அவன் இரண்டு கையும் தாடியைப் பிய்ப்பதில் இருந்தன. தாடி வரவில்லை. வெந்நீர் வைத்தோம், தேங்காயெண்ணெய் பூசினோம். எங்கள் கடைச் சாமான் அப்படி லேசில் விடாது. அன்று அவன் தாடியோடுதான் ஹோட்டலுக்கு வந்தான். புதிதாகச் சேர்ந்திருந்த வெயிட்டர் பயபக்தியோடு, "சாமி மரக்கறிச் சாப்பாடுதானுங்களே?" என்று கேட்டார்.

ஞாயிறு காலைக்கு ரிஸ்வான் ஒரு ஏற்பாடு செய்தான். பாட்டு முடிந்ததும் மகேந்திரன் தாடியைத் தடவ வேண்டும். அதுதான் அடையாளம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரவு முழுக்க ஒட்டிக்கிடந்த தாடியால் அவனுக்கு அரிப்பெடுத்திருந்தது. மேடைக்கு வந்து, "மன்னா, வணக்கம்" என்று சொன்னான், தாடியைச் சொறிந்தான். நான் எழுந்து ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டேன்.

பாவம், அவன் என்ன செய்வான்? பின்னால் போய் மறுபடி உள்ளே வந்து, "மன்னா, வணக்கம்" என்றான்.

மண்டபம் சிரித்த சிரிப்பில் ராஜாவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடைவேளையில் மாஸ்டர் எங்களைத் தேடி வந்தார். ஒல்லியான மனிதர். கோபத்தில் அவருடைய கண்ணாடி மட்டும் நடுங்கியது.

"உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே? நான் ஆறு மாசமாய்ப் பழக்கின நாடகம். அந்தப் பிள்ளை சாகேக்க இந்த மண்டபத்தில ஒரு மூச்சுக் கேக்கக்கூடாது. பின்னேரம் வாயைத் திறந்தியளோ, அந்த இடத்திலயே திரையை இறக்கிப்போடுவன். விளங்குதே?"

"ஓம் சேர்" என்றோம். மாஸ்டர் நேராகத் திரை இழுக்கிறவரிடம் போய் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் கயிற்றில் கை வைத்தபடி எங்களை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். இதை மகேந்திரனிடம் சொன்னபோது அவன் தாடிக்கு வெளியே தெரிந்த முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப யாருடா கேப்பா?"



பின்னேரம் கணக்கப்பிள்ளை ஐயா வந்தார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, நீளக் குடை. முன் வரிசையில் விமலாவோடு உட்கார்ந்து, குடையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, அதன் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டார். நாங்கள் கதவோரம் கடைசி வரிசையில். நான் பழக்கதோஷத்தில் கத்திவிடக்கூடாதென்று ரிஸ்வான் முகம் துடைக்கும் தன் கைலேஞ்சியைச் சுருட்டி என்னிடம் தந்திருந்தான். அதைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மகேந்திரன் நஞ்சைக் குடித்தான். பாடினான். அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ரிஸ்வானைப் பார்த்தேன். அவன் வாய் திறந்தபடி இருந்தது, அதனால் நல்ல பாட்டென்று அறிந்துகொண்டேன். கடைசி அடியில் குரல் மெலிந்து மெலிந்து வர, மகேந்திரன் மல்லாக்க விழுந்து செத்துப்போனான். தாடி மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாஸ்டர் கேட்ட அமைதி கிடைத்தது. ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

விமலா திரும்பி எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கைலேஞ்சியைத் துப்பப் போனேன். ரிஸ்வான் என் வாயைப் பொத்தினான்.

"திரைய எறக்கினா அத்தோட சரிடா" என்று காதுக்குள் சொன்னான்.

அப்போது முன் வரிசையில் குடை நிலத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஒன்ஸ்மோர்" என்றார் கணக்கப்பிள்ளை ஐயா.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்கிற மாதிரிக் கேட்டார். மேடையின் பக்கவாட்டிலிருந்து மாஸ்டரின் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "எழும்பாதை மகேந்திரன். செத்தவன் செத்தவன்தான். எழும்பினால் நாடகம் முடிஞ்சுது."

மண்டபத்தில் எல்லாருக்கும் இப்போது விஷயம் விளங்கிவிட்டது. பிணத்தின் பக்கத்தில் அழ ஆயத்தமாக நின்ற ராஜா, அழுவதா வேண்டாமா என்று மாஸ்டரைப் பார்த்தார். திரை இழுப்பவரும் மாஸ்டரைப் பார்த்தார். குடை மறுபடி தட்டியது.

"கேட்டது காதுல விழலையா தம்பி? ஒன்ஸ்மோர்."

பிணம் ஒரு கண்ணைத் திறந்து பக்கவாட்டைப் பார்த்தது. பிறகு முன் வரிசையைப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கிடந்த இடத்தில் கிடந்தபடி, முதல் அடியிலிருந்து பாடத் தொடங்கியது.

யாரோ சிரித்தார்கள். இரண்டாவது அடியில் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. கை அசையவில்லை, கால் அசையவில்லை, தாடி மட்டும் ஏறி இறங்கியது. ராஜாவாக நடித்தவர் கெட்டிக்காரர். மெல்லக் குனிந்து, செத்தவனின் உயிர் இன்னும் எங்கோ பாடிக்கொண்டிருக்கிறது என்பது போலக் காதைக் கொடுத்தார். பாட்டு முடிந்தபோது முன் வரிசைக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள். மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்தபடி நின்றார். அது ரசனையா துக்கமா என்று கடைசிவரை தெரியவில்லை.

நாடகம் முடிந்து வாசலில் விமலாவும் நாங்கள் மூவரும் நின்றோம். கணக்கப்பிள்ளை ஐயா குடையை ஊன்றியபடி வந்தார். மகேந்திரன் தாடியோடு கும்பிட்டான்.

"எந்திரிச்சுப் பாடியிருந்தா?" என்று அவரே தொடங்கினார். "வாத்தியாரு பேச்சைத் தட்டுனவன்னு பொண்ணு குடுத்திருக்க மாட்டேன்."

"பாடாமலே கெடந்திருந்தா, ஐயா?" என்று நான் குறுக்கே கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்பவும் குடுத்திருக்க மாட்டேன். பெரியவங்க பேச்சைத் தட்டுனவன்." என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விமலாவிடம் திரும்பினார். "நானும் ஒங்கம்மாவும் நம்ம வீட்டுல ஒரு நாளாச்சும் ஒரே பேச்சுப் பேசியிருக்கோமா? ரெண்டு பக்கமும் கேட்டு நடக்கத் தெரிஞ்ச ஆளு. இவன் பொழைச்சுக்குவான். தாடியை மட்டும் எடுத்துறச் சொல்லு."

"அது வரமாட்டேங்குதுப்பா" என்றாள் விமலா.

கல்யாணத்துக்கு முன்பு ஒருவழியாக வந்தது.

அதற்குப் பிறகு மகேந்திரன் மேடை ஏறவில்லை. ஆனால் ஞாயிறு தோறும் புசல்லாவைக்குப் போனால், பகல் சாப்பாடு முடிந்ததும் மாமனார் அந்தப் பாட்டைக் கேட்பார். முடிந்ததும் குடையைத் தேடி எடுத்துத் தரையில் தட்டுவார். "சாப்பிட்ட வயித்தோட ரெண்டு தடவை பாடணும்டா" என்று மகேந்திரன் எத்தனையோ வருஷம் எங்களிடம் அலுத்துக்கொண்டான்.

அந்த மண்டபத்தில் இப்போது பலகை அடித்துத் தடுத்து ரியூஷன் வகுப்புகள் நடக்கின்றன. மாஸ்டர் ஊரோடு போய்விட்டார். கணக்கப்பிள்ளை ஐயாவும் போய்விட்டார். அவருடைய காரியம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நானும் ரிஸ்வானும் புசல்லாவையில் இருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் கேட்காமலே மகேந்திரன் பாடினான். வீட்டுப் பிள்ளைகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்திக் கேட்டார்கள். "சூப்பர் மாமா" என்றான் ஒருவன். எல்லாரும் மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மகேந்திரன் இரண்டாம் தடவைக்கு மூச்சை இழுத்திருந்தான். நான் பார்த்தேன். அதை மெல்ல வெளியே விட்டுவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டான்.