மூன்றாம் பிரதியில் என் பெயர்

என்னிடம் ஒரு கடுதாசி இருக்கிறது. கார்பன் வைத்து அடித்த மூன்றாம் பிரதி. மூன்றாம் பிரதி எப்போதும் மங்கலாகத்தான் விழும். இப்போது கண்ணாடியைப் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் எழுத்துத் தெரிகிறது. நெடுந்தீவுக்குப் போக வேண்டிய மூன்று பேரின் பெயர்கள் அதில் இருக்கின்றன. இரண்டாவது பெயர் என்னுடையது. அன்றைக்கு நான் போகவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஊர்காவற்றுறையில் எங்கள் உள்ளூராட்சிச் சபை அலுவலகத்தில், கந்தோர் என்போம், எழுதுவினைஞனாக இருந்தேன். நெடுந்தீவில் சபைக்கு ஓர் உப கந்தோர். கிழமைக்கு மூன்று பேர், வாரம் தவறாமல், குறிகட்டுவான் துறையில் படகேறிப் போய் அங்கே வேலை பார்த்துத் திரும்ப வேண்டும். முன்பெல்லாம் மேலிடத்துக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர்தான் போவார். கடலில் கடற்படை மறித்த படகுகள் பற்றிய கதைகள் வரத் தொடங்கியபின் அந்தப் பயணம் வெறும் தண்டனையாக இருக்கவில்லை. அப்போது ஊழியர் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவர் எங்கள் தட்டெழுத்தாளர் அக்கா. நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள், சிரித்தால் சத்தம் வராது. மூன்று நாள் எங்கள் எல்லோரையும் பேனையைத் தொடாமல் கதிரையில் இருத்திவைத்தே ஒரு முறைப் பட்டியலை வென்றெடுத்தார். இனி யார் போவதென்று சங்கம் தீர்மானிக்கும். எல்லோரும் முறைக்கு முறை போக வேண்டும். தன் பெயரையும் அதில் போட்டார்.

பட்டியலை அவரே அடிப்பார். ஒன்று கடற்கரைச் சோதனைச் சாவடிக்கு, ஒன்று படகோட்டிக்கு, மூன்றாவது எங்கள் சங்கப் பலகைக்கு. கடலில் மறிப்பவர்கள் பட்டியலையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் அக்காவுக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. "வெட்டித் திருத்தின பேர் கடலிலை செல்லாது. மாத்திறதெண்டால் முதல்நாள் மத்தியானத்துக்குள்ளை சொல்லுங்கோ, மூண்டையும் புதுசா அடிச்சுத் தாறன்." இதை அவர் சொல்லும்போது நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையாட்டுவோம். பிறகு கன்ரீனில் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்போம். நான்தான் நன்றாகப் பேசிக் காட்டுவேன்.

என் மகளுக்கு முதற்பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்கு வைத்த நாள் என் முறைநாளில் வந்து விழுந்தது. முதல்நாள் பின்னேரம்தான் எனக்கு அது உறைத்தது. அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் சபை வாசிகசாலைப் பொறுப்பாளரிடம் எனக்குப் பதில் போக முடியுமா என்று கேட்டேன். நெடுந்தீவு வாசிகசாலைக்குக் கொடுக்க வேண்டிய புத்தகக் கட்டொன்று அவரிடம் கிடந்தது. "ஓம், அதுக்கென்ன, நான் போறன். முதற்பல்லு ஒருக்காத்தானே முளைக்கும்," என்றார். அக்காவைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம். சைக்கிளில் கால்மணி நேரம்தான். ஒரு பேச்சு வாங்க வேண்டிவரும் என்ற பயம், அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம், வெள்ளைத் துணி விரித்துப் பிள்ளையை இருத்தித் தலையில் கொழுக்கட்டை சொரிந்து முடித்திருந்தோம். வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். வாசற் படலையடியில் அக்காவின் சைக்கிள் வந்து நின்றது. கண்கள் சிவந்திருந்தன. என் மனைவிக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், தட்டோடு நின்ற என்னைக் கண்டதும் படலையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீர் வீட்டிலையோ? கடலிலை மறிச்சு ஒராளை இறக்கிக் கொண்டுபோட்டாங்கள். உம்மடை பேரைக் கூப்பிட்டவங்களாம். ஒருத்தரும் எழும்பேல்லையாம்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப, போனது ஆர்?"

நான் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை கடற்படை முகாமுக்குக் கொண்டுபோகும் கடிதத்தை அவர் அடிக்கும்போது பக்கத்தில் நின்றேன். கடிதம் சொன்னது இது: "வாசிகசாலைப் பொறுப்பாளர் சபை ஊழியர். முறைப்படி கடமைக்குப் போனவர். பட்டியலில் அவர் பெயர் விடுபட்டது தட்டெழுத்தாளராகிய என் தவறு." கீழே அக்காவின் கையெழுத்து. "அக்கா, பிழை என்ரை," என்றேன். "உம்மடை பேரை எழுதினால் ரெண்டு பேரைத் தேட வேணும். ஒராளைத் தேடவே எனக்குக் கால் காணாது," என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கந்தோரைப் பூட்டிவிட்டு முகாம் வாசலுக்கு எதிரே வெயிலில் ஒன்பது நாள் இருந்தோம். அக்கா ஒவ்வொரு காலையும் அதே கடிதத்தோடு வாசலுக்குப் போவார், திரும்பி வந்து எங்களோடு இருப்பார். ஒன்பதாம் நாள் வாசிகசாலைப் பொறுப்பாளர் நடந்து வெளியே வந்தார். புத்தகக் கட்டு எங்கே என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சங்கம் வென்றுவிட்டது என்று தேத்தண்ணி குடித்தோம்.

ஆனால் அக்கா கொடுத்த கடிதம் முகாமுக்குள்ளேயே இருந்தது. ஒரு மாதம் கழித்து, காலைநேரம், இரண்டு பேர் கந்தோருக்குள் வந்தார்கள். ஒருவர் கையில் அந்தக் கடிதம். "பட்டியல் அடிக்கிறது ஆர்?" என்று கேட்டார். பெயரை விட்டது தவறுதானா, வேண்டுமென்றா என்று விசாரிக்க வேண்டுமாம். அக்கா எழும்பினார். தட்டெழுத்துப் பொறியில் அடுத்த கிழமைப் பட்டியல் பாதியில் நின்றது. அதைக் கழற்றாமலே மேலே உறையைப் போட்டார். "மத்தியானத்துக்குள்ளை வந்திடுவன். ஆரும் மாத்திறதெண்டால் சொல்லி வையுங்கோ," என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுபடி முகாம் வாசலில் இருந்தோம். அப்படி ஒருவர் உள்ளே வரவேயில்லை என்றார்கள். முதல் நாள் எல்லோரும் வந்தோம், பிறகு பாதிப் பேர், பிறகு நானும் வாசிகசாலைப் பொறுப்பாளரும். பிறகு அவர் மட்டும். கொண்டுபோக ஒரு கடிதம் வேண்டியிருந்தது. உண்மையை எழுத வேண்டிய ஆள் நான்; எழுதவில்லை. அக்கா வரவில்லை.

பலகையிலிருந்து இந்த மூன்றாம் பிரதியைக் கழற்றி எடுத்தது நான்தான். காலையில் மகள் தொலைபேசியில் பேசினாள். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதாம், கொழுக்கட்டைக்குத் தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரி எப்படி வெட்டுவதென்று கேட்டாள். சொன்னேன். பிறகு கடுதாசியை எடுத்து ஜன்னலடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், இரண்டு முறை. யாராவது என் பெயரைக் கூப்பிட்டால் எனக்கு உடனே குரல் வருவதில்லை.