நனைக்காத கை

கோயிலில் கற்பூரத் தட்டு என் முன்னால் வரும்போது நான் தீபத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்பவர்களின் உள்ளங்கைகளைத்தான் பார்க்கிறேன். கல்வராயன் மலையில் நான் வாத்தியாராக இருந்தபோது எங்கள் பள்ளி விடுதியில் சமைத்த அக்காவால் வந்த பழக்கம் இது.

ஆண்டு விழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். மழை பொய்த்த ஊரில் ஒரு விதவையைச் சூனியக்காரி என்று இழுத்துவந்து விசாரிக்கிறார்கள். அவள் நிலத்தின் மேல் கண் வைத்த நாட்டாமைதான் நீதிபதி. விதவையாக அக்கா நடித்தாள், நாட்டாமையாக விடுதி வார்டன். மலையில் வழக்கு என்று வந்தால் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அணைத்தவர் சொல்லை அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதையும் நாடகத்தில் வைத்தேன். சுட்டுவிடுமே என்று திரைக்குப் பின்னால் சொம்பில் தண்ணீர் வைத்து, அவள் கையை நனைத்து அனுப்பினோம். அவள் அணைத்ததும் நாட்டாமை நம்பாமல் சிரிப்பார். முன்வரிசைப் பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்மேல் மண்ணை வாரித் தூற்றினார்கள். அவ்வளவு நன்றாக நடித்தார் மனிதர். தண்ணீர் சமாசாரத்தை மறுநாள் அக்காவே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பருப்பு மூட்டைகள் வார்டனின் ஏற்பாட்டில் மலையடிவாரக் கச்சிராயபாளையத்துக் கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அக்கா அதை வாய்விட்டுக் கேட்டாள். பெற்றோர்கள் திரண்டு வந்தபோது வார்டன் முந்திக்கொண்டு, திருடியது அவள்தான் என்று சொல்லிவிட்டார். வேலை மட்டுமல்ல, மானமும் போகிற நிலை. கோயிலுக்கு வாருங்கள் என்று அவளே அழைத்தாள்.

எல்லோரும் பார்க்க, எரிகிற கற்பூரத்தின் மேல் வெறுங்கையை வைத்து அழுத்தினாள். முகம் கோணியது, தீ அணையும்வரை கையை எடுக்கவில்லை. வார்டன் நிதானமாகச் சொன்னார்:

"நாடகத்துல அணைச்ச கைதான? தண்ணி தொட்டுக்கினு வந்திருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதோடு முடிந்தது. கையைத் திருப்பிப் பாருங்கள் என்று நான் கத்தினேன். நாடகம் எழுதினவர் அவளுக்குத்தான் பரிந்து பேசுவார் என்றார்கள். மேடையில் பொய்யாக அணைத்ததற்கு அழுத அதே பெண்கள், கொப்பளித்துப்போன கையை ஏறெடுத்தும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள். நாடகம் ஊரைத் திருத்தும் என்று நம்பினவன் நான். ஒரு திருடனுக்குத் தப்பிக்க வழி சொல்லிக் கொடுத்ததுதான் மிச்சம். வார்டன் பதவி உயர்வோடு மலையிறங்கினார். அக்கா கரும்பு வெட்டும் கூலிக்கு இறங்கினாள்.

சென்ற மாதம் கச்சிராயபாளையத்தில் ஒரு கோயிலில் அவளைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அடையாளம் கண்டுகொண்டு நலம் விசாரித்தாள். பூசாரி தட்டை நீட்டினார். நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். தொட்டுக்கொள்ளும்படி பூசாரி மறுபடியும் சொன்னார்.

"நான் ஒரு தபா தொட்டுட்டேன் சாமி. அதையே யாரும் நம்பல."

தட்டு அடுத்தவரிடம் போனது.