எடைமேடையின் பச்சைத் திரை

நான் எட்டாவது ஃபெயில். ஆனாலும் எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அத்தனை கம்ப்யூட்டரையும் பழுது பார்த்தவன் நான்தான். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயர், கம்ப்யூட்டரை இயக்கும் மூல புரோகிராமிலிருந்து பழைய பச்சைத் திரையை இயக்கும் 'டிரைவர்' என்ற துணைப் புரோகிராமை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். அதை எடுத்தால் அந்தத் திரையில் ஓர் எழுத்தும் வராது.

"ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டினேன். யாரும் வேணும்னு சொல்லலையே?" என்றார்.

"லாரிய எடை போடுற மேடையில அந்தத் திரைதாங்க சார் ஓடுது. எடைமேடைக்காரரு ஆபீஸ் பக்கமே வரமாட்டாரு. வாங்க, காட்டுறேன்."

அவரை சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். உச்சி வெயிலில் லாரிக்காரர்கள் எடைமேடை அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே அந்தப் பச்சை எழுத்தில் எடையைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"கலர் திரை வெச்சுப் பாத்தோம், இந்த வெயில்ல ஒண்ணும் தெரியலீங்க," என்றார் எடைமேடைக்காரர். "இதுவும் போச்சுன்னா ஒவ்வொருத்தருக்கா எடையை நான் கத்திச் சொல்லணும். லாரி வரிசை அந்தக் கோடியில பாடாலூரு வரைக்கும் நிக்கும்."

இன்ஜினீயர் சிரித்துவிட்டார். "சரி, டிரைவர் இருக்கட்டும். ஆனா புரோகிராமை மாத்தும்போதெல்லாம் இந்தத் திரையில ஓட்டிப் பாக்க ஒரு ஆள் வேணும். நீங்க பாப்பீங்களா?"

"என்னை விட்டா யாரு சார் இருக்கா?" என்றேன்.

நான் அங்கே இருந்தவரை அந்த டிரைவரில் ஒருவரும் கைவைக்கவில்லை.