எனக்கு முன்னே என் ரத்தத்துக்குத் தெரிந்தது

சில வருடங்களுக்கு முன், அஜ்மானில் குளிர்காலம் தொடங்கிய சமயம். எனக்கு லூபஸ் இருக்கிறது. கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த உடம்போடு மல்லுக்கு நிற்கிற நோய். வெயில் ஆகாது. வளைகுடாவில் குடியிருந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் கோடையில் இங்கே யார் வெளியே போகிறார்கள்? வீடு, கார், கடை எல்லாம் ஏ.சி. எனக்கு வம்பு குளிர்காலத்தில்தான். காற்று ஜில்லென்று மாறியதும் ஊரே பாயும் பிரியாணிச் சட்டியுமாகப் பார்க்குக்குக் கிளம்பிவிடும். நானும் வாராவாரம் போனேன். சுடாத வெயில் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

வழக்கமான ரத்தப் பரிசோதனை முடிவுக்காக நானும் என் கணவரும் டாக்டரம்மாவிடம் போனோம். வலியில்லை, கன்னத்தில் தடிப்பில்லை. மாத்திரையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் முடிவைப் பார்த்துவிட்டு, "இப்ப அடிக்கடி வெயில்ல போறீங்களா?" என்றார். பார்க்குக்குப் போவதை நான் சொல்லவேயில்லையே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "நல்லாத்தான இருக்கா டாக்டர். நேத்துகூட எங்கிட்ட அப்படிச் சண்டை போட்டா."

உடம்பு தன்னையே தாக்கத் தொடங்கினால் ரத்தத்தில் சில புரதங்கள் செலவாகிக் குறையுமாம். நம் செல்லையே குறிவைக்கிற எதிர்ப்பொருள் ஏறுமாம். எனக்கு இரண்டுமே நடந்திருந்தது.

"உள்ள சண்டை தொடங்கியாச்சு. உங்களுக்கு இன்னும் தெரியல, அவ்வளவுதான். கிட்னியைப் பார்த்துடலாம்" என்றார்.

பார்த்தார்கள். சிறுநீரில் புரதம் கசிந்துகொண்டிருந்தது. சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்ததில் பாதிப்பு ஆரம்பித்திருப்பது உறுதியானது. கால் வீங்கட்டும் என்று காத்திருந்தால் கிட்னியையே இழந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். காரில் ஏறியும் என் கணவர் வண்டியை எடுக்கவில்லை. "யம்மா, ஒரு சின்னக் குழாய் ரத்தம்டி" என்று மட்டும் சொன்னார்.

பல மாதம் கடுமையான மருந்துகள். முடி கொட்டியது, முகம் பூசணிக்காயாய் ஊதியது. கிட்னி பிழைத்துக்கொண்டது.

வலித்தால்தான் நோய் என்று நம்பியிருந்தவள் நான். இப்போதும் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது, குழாயில் ஏறுகிற அந்தச் சிவப்பைக் கண்கொட்டாமல் பார்க்கிறேன். நான் அறியாத என்னை அறிந்த ஒன்று எனக்குள்ளேயே ஓடுகிறது என்ற மலைப்பு இன்னும் அடங்கவில்லை.